தாய் சிலாங்கூர், கன்று பேராக்

"மாட்டுக்குப் பாஸ் எங்க?"

மாட்டை ஓட்டி வந்த ஐயாவு விழித்தான்; அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. தஞ்சோங் மாலிம் பாலத்தின் முனையில் சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி புதிதாக முளைத்திருந்தது. அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார் போலீஸ்காரர் உஜாங். மலாய்க்காரர்தான், தோட்டத்துச் சனங்களோடு பழகிப் பழகித் தமிழ் தாராளமாக வரும்.

"பாஸா? எனக்கா?"

"உனக்கு வேணாம்."

"என் பொஞ்சாதிக்கா?"

"அக்காவுக்கும் வேணாம் லா. லெம்புக்கு வேணும். லெம்புக்கு சூராட் இருந்தா போலாம். இல்லாட்டி தா போலே."

ஐயாவு திரும்பிப் பார்த்தான். 'லெம்பு' என்று சொல்லப்பட்ட செவலை மாடு சாலையோரப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் மடியில் கன்று முட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பின்னால் இருளாயி தலைச்சுமையோடு நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக் மாநிலம், அந்தப் பக்கம் சிலாங்கூர் மாநிலம். அந்தப் பக்கத்தில், களும்பாங்குக்குப் போகிற வழியில் உள்ள தோட்டத்தில்தான் ஐயாவின் வாழ்வு காத்திருந்தது. அவனுடைய அக்காள் காளியம்மாவின் புருஷன் அர்ச்சுனன் அங்கே பெரிய கங்காணி. 'மண்டோர் வேலை காலியாக இருக்கிறது, குடும்பத்தோடு உடனே வா' என்று ஆள் அனுப்பியிருந்தார். சிலிம் ரிவர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஓடிய ஐயாவுக்கு, மண்டோர் என்ற சொல்லைக் கேட்டதுமே காலில் பூட்ஸ் முளைத்துவிட்டது. இனிமேல் அவன் ஓட வேண்டாம். மற்றவர்களை ஓடச் சொன்னால் போதும்.

இருளாயி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "செவலையும் வரணும்" என்று மட்டும் சொன்னாள். வித்துவிடலாமே என்றதற்கு, "அப்ப நீங்க மட்டும் போங்க" என்றாள். அதனால்தான் ரயிலில் போக வேண்டியவர்கள் மாட்டின் வேகத்தில் நடந்து வந்தார்கள்.

"எப்பலேருந்து இந்தச் சட்டம்?" என்று கேட்டான் ஐயாவு.

"புதுசு. மாட்டுக்குக் கோமாரி வந்திருக்கு."

"எங்க வந்திருக்கு? பேராக்குலயா, சிலாங்கூர்லயா?"

"பேராக்குல இருந்தா சிலாங்கூருக்குப் போகக் கூடாது. சிலாங்கூர்ல இருந்தா பேராக்குக்கு வரக் கூடாது. எங்க இருந்தா உனக்கு என்ன?"

அதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஐயாவு தலையைச் சொறிந்தான். உஜாங் சாலையோரத்துச் சாயாக் கடையைக் கை காட்டினார். "பின்னால கொட்டாயில மாட்டு வைத்தியம் பாக்குற டிரசர் இருக்காரு. அவர்கிட்ட கேளு."

மாட்டு டிரசர் நவமணி ஒல்லியான மனிதர். வெள்ளைக் கால்சட்டையில் சாணி படாமல் நடப்பதே அவருக்குப் பாதி வேலை. செவலையின் வாயைப் பிளந்து பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"மாடு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப போலாமுங்களா ஐயா?"

"எப்படிப் போறது? நல்லா இருக்கிற மாடு நாளைக்கும் நல்லா இருக்குமான்னு பாக்கணும். பத்து நாள் இந்தக் கொட்டாயில நிக்கணும். அதுக்கப்புறம் பாஸ் எழுதுவேன். நடுவுல நுரை தள்ளுனாலோ, நொண்டுனாலோ மறுபடியும் முதல்லேருந்து பத்து நாள்."

"நாங்க நடந்து வந்த நாளைக் கழிச்சுக்க முடியாதுங்களா?"

"நடந்த மாட்டக் கணக்குல சேக்க முடியாது. நின்ன மாட்டத்தான் சேக்கலாம்."

ஐயாவு வாயைத் திறக்குமுன் இருளாயி தலைச்சுமையைக் கொட்டகைக்குள் இறக்கிவிட்டாள். "நான் செவலையோட இருக்கேன். வேற யாரு கை வச்சாலும் பால் சுரக்காது. நீங்க போயி வேலைய ஒத்துக்கிடுங்க" என்றாள். இப்படி ஒரு பொறுமைசாலி யாருக்குக் கிடைப்பாள் என்று ஐயாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அவன் மட்டும் தனியாகப் பாலத்தைக் கடந்தான். எந்தப் பாஸும் கேட்காமல் உஜாங் கழியைத் தூக்கிவிட்டார்.

களும்பாங் தோட்டத்தில் காளியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பொஞ்சாதி எங்கடா?"

"மாட்டோட இருக்கா."

"மாடு எங்க?"

"பேராக்குல."

"பேராக்குல மாடு என்ன செய்யுது?"

"சும்மாதான் இருக்குக்கா. பத்து நாளைக்குச் சும்மா இருக்கணுமாம்."

அர்ச்சுனன் முகத்தைச் சுளித்தார். "துரை குடும்பக்காரனுக்குத்தான் மண்டோர் வீட்டக் குடுப்பாரு மச்சான். ஒத்த ஆளா வந்து நின்னா நான் என்னன்னு சொல்றது?"

"மாட்டுக்குப் பாஸ் வரலேன்னு சொல்லுங்க."

"மண்டோர் வேலை உனக்கா, மாட்டுக்கா?"

காளியம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் பாட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். "வரட்டும், வரட்டும். அவ வந்துட்டா எனக்கு ஒத்தாசையாப் போகும். ரெண்டு வீட்டு மாவையும் அவளே ஆட்டிரட்டும். உன் மச்சானுக்குச் சுடுதண்ணி போடணும், துணி துவைக்கணும். பால்ல பாதி நம்ம வீட்டுக்குத்தான், சொல்லிட்டேன். இன்னும் நாலு மாடு வாங்கி விட்டா அதையும் அவளே பாத்துக்கிருவா. என்னடா முழிக்கிற?"

"சரிக்கா" என்றான் ஐயாவு. அக்காளிடம் அவன் பேசிப் பழகிய சொல் அது ஒன்றுதான்.

பத்து நாளைக்கு வீட்டுக்கு வெளியே சாக்கில் படுத்தான். பத்து நாள் முடிந்ததும் பாலத்துக்கு ஓடி வந்தான். கொட்டகை அடையாளமே தெரியவில்லை. கூட்டிப் பெருக்கி, சாணி மெழுகி, ஓரத்தில் அடுப்புப் போட்டு, கயிறு கட்டிச் சேலை உலர்த்தியிருந்தது. இருளாயி ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். சாயாக் கடை மதார் சாகிப் கல்லாவிலிருந்தே கை தட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் சம்சாரம் வந்ததுலேருந்து என் கடைச் சாயாவுக்குத் தனி ருசி! ரயில்வே ஆளுங்க எல்லாம் இங்கதான் வாராங்க. அல்லாஹ் கிருபை, கோமாரி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்!"

நவமணி பாஸ் எழுதப் பேனாவோடு வந்தார். செவலையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் குதித்தார்.

"நுரை!"

செவலையின் கடைவாயில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கிக்கொண்டிருந்தது. மாடு நாக்கை நீட்டி நீட்டி எதையோ துப்பப் பார்த்தது.

"ஐயோ! காலையில நல்லா இருந்துச்சே!" என்று இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐயாவு கிட்டப் போய் மோந்து பார்த்தான். சவக்கார வாசனை அடித்தது. துணி துவைத்த கையோடு தடவிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"மறுபடியும் முதல்லேருந்து" என்றார் நவமணி.

ஐயாவு அன்றைக்கே மதார் சாகிப்பைத் தனியாகக் கூப்பிட்டான். "சாகிப்பு, இந்த மாட்ட நீங்களே வாங்கிக்கிடுங்க. உங்களுக்கும் பால் ஆச்சு, எனக்கும் பாலம் தாண்டுன மாதிரி ஆச்சு."

"நான் கேக்காமலா இருப்பேன்? டிரசர்கிட்ட கேட்டுட்டேன். கொட்டாயில நிக்கிற மாட்ட விக்கவும் கூடாதாம், வாங்கவும் கூடாதாம். கறக்க மட்டும்தான் செய்யலாமாம்."

மறு பத்து நாள் ஐயாவு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்தான். அந்தப் பக்கம் போனால் "பொஞ்சாதி எங்க?" என்றார்கள். இந்தப் பக்கம் வந்தால் "வேலை என்னாச்சு?" என்றார்கள். எந்தப் பக்கம் எதைச் சொல்ல வேண்டும் என்பதே அவனுக்குக் குழம்பிப்போய், ஒருநாள் உஜாங்கிடம் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த முறை நுரை இல்லை, நொண்டல் இல்லை. நவமணி மாட்டைச் சுற்றி வந்து பாஸ் எழுதினார்: செவலைப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது காதில் கிழிசல், கூடவே காளைக்கன்று. "விடிஞ்சதும் தாண்டிரு" என்றார்.

விடிந்ததும் ஐயாவு மாட்டை ஓட்டிக்கொண்டு கழிக்கு முன்னால் நின்றான். உஜாங் பாஸைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், மறுபடியும் பாஸைப் பார்த்தார்.

"சூராட்டுல சுட்டி இருக்கு. லெம்புல சுட்டி இல்ல."

ஐயாவு குனிந்து பார்த்தான். செவலையின் நெற்றி முழுக்கச் செவலையாக இருந்தது.

"நேத்து இருந்துச்சுங்களே!"

"நேத்து இருந்த சுட்டி இன்னைக்கு எங்க போச்சு?"

"ஏ புள்ள, செவலைக்குச் சுட்டி இருந்துச்சா இல்லியா?"

இருளாயி நிதானமாகச் சொன்னாள்: "கவர்மெண்டு ஆளு இல்லேங்குறாரு. நாம எதுத்துப் பேசலாமாங்க? நீங்க என்னைக்கு மாட்டு மூஞ்சியப் பாத்திருக்கீங்க, இன்னைக்குப் பாக்க?"

அதுவும் உண்மைதான். பால் கறப்பது அவள், விற்பது அவள், புல் அறுப்பதும் அவள். ஐயாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பாஸில் சுட்டி என்று எழுதியிருக்கிறது. பாஸை மாற்ற முடியாது. மாட்டை மாற்றலாம். அவன் மாட்டைச் சாயாக் கடைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய், மதார் சாகிப்பின் வெற்றிலைச் சுண்ணாம்பை வாங்கி, ஒரு விரலால் அழகாகச் சுட்டி வரைந்தான். தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் கோணலாக இருக்கவே இன்னொரு தரமும் இழுத்தான்.

உஜாங் புதுச் சுட்டியைக் கண்டதும் விரலால் தொட்டார். விரல் வெள்ளையாயிற்று.

"லெம்புக்குப் பவுடரா?"

நவமணி வாளித் தண்ணீரும் துணியுமாக ஓடி வந்தார். அழுத்தித் துடைத்தார். முதலில் சுண்ணாம்பு போயிற்று. இன்னும் துடைத்தார். கீழே இருந்து செம்மண் கரைந்து ஓடிற்று. அதற்கும் கீழே, பளிச்சென்று, பிறவிச் சுட்டி.

நவமணி துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"ஏன்யா," என்றார் நவமணி, "இருக்கிற சுட்டிய மண்ணைப் பூசி மறைச்சு, அதே சுட்டிய அதுமேல சுண்ணாம்பால வரைஞ்சிருக்கியே. எதுக்குய்யா?"

ஐயாவுக்கே அது தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பூசியது தான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பாதி பூசியது தான்தானே என்பது நினைவு வந்து மூடிக்கொண்டான். மாடு மண்ணில் முட்டியிருக்கும் என்று இருளாயி சொன்னாள்.

நவமணி பாஸைக் கிழித்தார். "மறுபடியும் முதல்லேருந்து."

அன்று சாயங்காலமே அர்ச்சுனனிடமிருந்து ஆள் வந்தான். துரை இன்னும் இரண்டு நாள்தான் பொறுப்பாராம்.

இனிமேல் சட்டத்தை நம்பிப் பயனில்லை என்று ஐயாவு தீர்மானித்தான். மறுநாள் உச்சிப் பொழுதில் இருளாயி கடைக்குப் பால் கொண்டுபோன சமயம், குளிப்பாட்டுவதாக உஜாங்கிடம் சொல்லிச் செவலையை ஓட்டிக்கொண்டு ஆற்றோரமாக மேலே நடந்தான். ஒரு வளைவில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நடுவில் ஒருமுறை வேட்டி போகப் பார்த்தது. அதையும் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான், சிலாங்கூர்!

செவலையை ஒரு கித்தா மரத்தில், ரப்பர் மரத்தில்தான், கட்டிவிட்டு, மண்டோரைப் போலக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அக்காளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து நினைத்துச் சிரித்தான். குளிர்ந்த உடம்பு, நல்ல நிழல். அப்படியே கண்ணை அசத்திவிட்டது.

கன்றைக் கொண்டுவரவில்லை என்பது அவனுக்கு அறுந்த கயிற்றைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மடி கனத்த செவலை ஆற்றுப் பக்கம் போகவில்லை. நாகரிகமாகப் பெரிய சாலையைப் பிடித்து, பாலத்தின் மேல் ஏறி, நடுப்பாலத்தில் எதிரே வந்த சைக்கிள்காரனை ஒதுங்க வைத்து, சிலாங்கூரிலிருந்து பேராக்குக்கு நேராக நடந்து வந்தது.

"பெர்ஹெந்தி!" என்று கத்தினார் உஜாங். செவலை நிற்காமல் கழிக்குக் கீழே தலையை விட்டு அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கன்றை நக்கியது. பின்னாலேயே ஈர வேட்டியோடு ஐயாவு ஓடி வந்தான்.

"என் மாடு! என் மாடு!"

"உன் மாடா? எங்கேருந்து வருது?" என்றார் நவமணி.

ஐயாவு திணறினான். பேராக்கிலிருந்து என்றால், பேராக் மாடு அந்தப் பக்கம் போனது எப்படி? சிலாங்கூரிலிருந்து என்றால், வருவதற்குப் பாஸ் எங்கே?

"நடுவுலேருந்து வருதுங்க ஐயா" என்றான்.

நவமணி உள்ளே போய்ச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். "பாஸ் இல்லாம எல்லை தாண்டி வந்த மாட்ட, வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பணும். இது சிலாங்கூர்லேருந்து வந்ததை உஜாங் கண்ணால பாத்திருக்காரு. சிலாங்கூருக்கே அனுப்பிர வேண்டியதுதான்."

ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் காலில் விழுந்துவிட்டான். "நல்ல சட்டமுங்க ஐயா! இப்பவே அனுப்புங்க!"

அப்போது இருளாயி கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மெல்லக் கேட்டாள். "அப்ப இந்தப் பச்சப் புள்ளைங்க ஐயா? இது எங்கயும் போகலியே. இங்கதானே இருந்துச்சு."

நவமணியின் முகம் மாறிற்று. கன்று பேராக் கன்று. அது காவலில் இருக்கிறது. அதற்குப் பாஸ் கிடையாது. பால் குடி மறவாத கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கவும் சட்டத்தில் இடம் இல்லை.

"தாய் சிலாங்கூர், கன்று பேராக்" என்று முணுமுணுத்தார். "தாய் இங்க இருக்கக் கூடாது. கன்று அங்க போகக் கூடாது. ரெண்டும் பிரியவும் கூடாது."

"பாலத்து நடுவுல கட்டிப்போடலாமா?" என்றார் உஜாங், நிஜமான அக்கறையோடு.

கடைசியில் ஈப்போவிலிருக்கும் மாட்டு வைத்திய துரைக்குத் தந்தி போயிற்று. பதில் வருவதற்குள் காளியம்மா வந்துவிட்டாள். நடுப்பாலத்தில் நின்றுகொண்டு இரண்டு மாநிலத்துக்கும் கேட்கக் கத்தினாள்.

"டேய்! துரை இன்னைக்கு ஆள் எடுக்குறாரு. மாட்ட அவுத்து விட்டுட்டு வாடா! அவளை இழுத்துட்டு வா! எனக்கு அங்க வேலை தலைக்கு மேல கெடக்கு!"

இருளாயி கொட்டகை வாசலில் நின்றாள். இவ்வளவு நாளும் இல்லாமல் அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க போங்க. அக்கா கூப்பிடுறாங்க. நான் எப்படியோ இதுகளோட பொழைச்சுக்கிறேன்" என்றாள். அது நடிப்பில்லை என்பது ஐயாவுக்கே தெரிந்தது.

அவன் அக்காளைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். பூட்ஸ் போட்ட தன் காலை ஒருமுறை மனத்தில் பார்த்துக்கொண்டான்.

"முடியாதுக்கா" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் அக்காளிடம் சொல்லாத சொல். காளியம்மாவுக்கு அது என்ன பாஷை என்றே புரியவில்லை. புரிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தனக்கு அழுகை வரும் என்று ஐயாவு எதிர்பார்த்தான். தலையிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அது ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஈப்போ துரையின் உத்தரவு வந்தது. மாட்டையும் கன்றையும் முதலில் எங்கிருந்து கிளப்பினார்களோ அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கோமாரி ஒழியும்வரை எல்லைப் பக்கம் தலை காட்டக் கூடாது. மதார் சாகிப் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐயாவு மாட்டை ஓட்டிக்கொண்டு சிலிம் ரிவருக்குத் திரும்பி நடந்தான். வேலையை உதறிவிட்டு, மண்டோர் ஆகப்போகிறேன் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவன் அவன். இந்நேரம் அவன் மரங்களில் வேறு யாரோ பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். கப்பலில் புதிதாக வந்தவர்கள் அவன் வீட்டில் உலை வைத்திருப்பார்கள். கங்காணி சன்னாசியின் காலில் எப்படி விழுவது, என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தான். இருளாயி கன்றோடு விளையாடிக்கொண்டே முன்னால் போனாள்.

சிலிம் ரிவர் தோட்டத்து லயத்தில் சன்னாசி வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டு எழவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை.

"வந்துட்டியா? நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக்கு வந்துரு. உன் மரமெல்லாம் அப்படியேதான் இருக்கு" என்றவர், இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

ஐயாவு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் நின்றான். இருளாயி செவலையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

"அண்ணே... என் எடத்த யாருக்கும் குடுக்கலியா? வீட்டக்கூடவா?"

"எப்படிடா குடுப்பேன்?" என்றார் சன்னாசி. "நீங்க கிளம்புன அன்னைக்கே உன் பொஞ்சாதி வந்து, 'பாலத்துல மாட்ட மறிக்கிறாங்களாம், நம்ம மாடு தாண்டாது மாமா, நான் பாத்துக்கிறேன், வீட்டப் பூட்டி மட்டும் வைங்க'ன்னு சொல்லிட்டுத்தானே போச்சு!"